கிடார் வாசிக்கத் தெரியாத ரேடியோ மெக்கானிக்



ஆண்டு மலர் என்றாலே அதில் விஞ்ஞானி ஒருவரின் வாழ்க்கை வரலாறு கட்டாயம் இருக்கும். எடிசன், மார்க்கோனி, சர் சி.வி. ராமன் என்று நம்ம சீனியர்கள் நிறையப் பேரை எழுதி முடித்துவிட்டார்கள். நான் எடுத்துக்கொண்டிருப்பவர் விஞ்ஞானி இல்லை. பி.இ. மாதிரி ஒரு பட்டமும் வாங்கியவர் இல்லை. காலேஜில் அவர் படித்தது கணக்குப் பதிவு. பிழைப்புக்கு வைத்தது ரேடியோ ரிப்பேர் கடை. ஆனால் இன்றைக்கு உலகத்தில் எந்த மேடையில் பேஸ் கிடார் ஒலித்தாலும், அதன் வடிவத்திலோ வயரிங்கிலோ இவர் கைரேகை இருக்கும். அவர் பெயர் லியோ ஃபெண்டர்.

இன்னொரு வேடிக்கையையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். உலகத்துக்கே கிடார் செய்து கொடுத்த இந்த மனிதருக்குக் கிடார் வாசிக்கத் தெரியாது! சின்ன வயதில் பியானோவும் சாக்ஸபோனும் கற்றுக்கொண்டார், அவ்வளவுதான். பிறகு எப்படிச் செய்தார்? அந்தக் கேள்விக்குப் பதில்தான் இந்தக் கட்டுரை.

ஆரஞ்சுத் தோட்டத்துப் பிள்ளை

1909-ஆம் ஆண்டு ஆகஸ்டு 10-ஆம் தேதி, அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில், அனஹைம், ஃபுல்லர்டன் என்ற இரண்டு ஊர்களுக்கு நடுவில் ஆரஞ்சுத் தோட்டம் வைத்திருந்த ஒரு விவசாயக் குடும்பத்தில் லியோ பிறந்தார். எட்டு வயதில் நோயால் ஒரு கண்ணை இழந்தார். அந்த இடத்தில் கண்ணாடிக் கண் பொருத்தினார்கள். மிச்சமிருந்த ஒற்றைக் கண்ணோடுதான் பிற்காலத்தில் தலைமுடியைவிட மெல்லிய காயில் கம்பியைச் சுற்றினார், சால்டர் வைத்தார். இதைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே உடம்பு சிலிர்த்தது.

அவருடைய மாமா ஒருவர் சாந்தா மரியா என்ற ஊரில் கார்களுக்கு எலெக்ட்ரிக்கல் வேலை பார்க்கும் கடை வைத்திருந்தார். 1922 கிறிஸ்துமஸுக்கு அவர் பையனுக்கு அனுப்பிய பரிசு என்ன தெரியுமா? ஒரு பெட்டி நிறையக் கழித்துப்போட்ட ரேடியோ பாகங்களும் ஒரு பாட்டரியும்! மறுவருடம் லியோ அந்தக் கடைக்கே போனபோது, மாமா சொந்தமாகக் கட்டிய ரேடியோ ஒன்று கடைக்கு முன்னால் பலத்த சத்தத்தோடு பாடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் பையன் மனதில் அப்படியே தங்கிவிட்டது. பள்ளிப் பருவத்திலேயே வீட்டில் சின்னதாக ரேடியோ ரிப்பேர் ஆரம்பித்துவிட்டார்.

வேலை போனதால் கிடைத்த வேலை

இவ்வளவு ஆர்வம் இருந்தும் லியோ படித்தது எலெக்ட்ரானிக்ஸ் இல்லை. ஃபுல்லர்டன் ஜூனியர் காலேஜில் அக்கவுண்டன்சி படித்தார். அதன்பின் ஐஸ் கம்பெனி ஒன்றில் கணக்கு எழுதினார், மாநில நெடுஞ்சாலைத் துறையில் கணக்கு எழுதினார். 1934-இல் எஸ்தர் என்ற பெண்ணை மணந்துகொண்டார். அப்போது அமெரிக்காவில் பெரும் பொருளாதார மந்தம். நெடுஞ்சாலைத் துறை வேலை போயிற்று. அடுத்து டயர் கம்பெனி ஒன்றில் சேர்ந்தார், அதுவும் ஆறே மாதத்தில் போயிற்று.

இரண்டு வேலை போன மனிதர் என்ன செய்வார்? மூன்றாவது வேலைக்கு மனுப் போடுவார். லியோ 1938-இல் 600 டாலர் கடன் வாங்கி, சொந்த ஊரான ஃபுல்லர்டனில் ‘ஃபெண்டர் ரேடியோ சர்வீஸ்’ என்று ஒரு கடை திறந்தார். ரேடியோ, ரெக்கார்டு பிளேயர், மைக் செட், ஆம்ப்ளிஃபயர் எது வந்தாலும் பார்த்துக் கொடுத்தார்.

நண்பர்களே, இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும். ஒரு சாமான் கம்பெனியிலிருந்து புதுசாக வரும்போது அதை எல்லோரும் பார்க்கலாம். அது எப்படிக் கெட்டுப்போகிறது என்று தினமும் பார்ப்பவன் ரிப்பேர்காரன் ஒருவன்தான். எந்த ஜாயின்ட் முதலில் விடும், எந்த ஸ்க்ரூவுக்கு ஸ்க்ரூ டிரைவர் எட்டாது, எதைக் கழற்ற நாலு சாமானைச் சேர்த்துக் கழற்ற வேண்டியிருக்கும் என்பதெல்லாம் அவனுக்குத்தான் அத்துப்படி. லியோவின் கடைக்கு வந்த இசைக்கலைஞர்கள் அடிபட்ட ஆம்ப்ளிஃபயரையும் கிடாரையும் கொண்டுவந்து மேசையில் வைத்தார்கள். அவர் படித்த இஞ்சினியரிங் காலேஜ் அந்த மேசைதான் என்று நான் நினைக்கிறேன்.

1940-களின் நடுவில் டாக் காஃப்மன் என்ற இசைக்கலைஞரோடு சேர்ந்து மடியில் வைத்து வாசிக்கும் ஸ்டீல் கிடாரும் ஆம்ப்ளிஃபயரும் தயாரித்தார். 1946-இல் காஃப்மன் விலகிக்கொள்ள, லியோ தன் பெயரிலேயே கம்பெனியை நடத்தினார். 1950-இல் திடமான மரக்கட்டையில் செய்த எலெக்ட்ரிக் கிடார் வெளிவந்தது. அதற்குக் கடைசியில் நிலைத்த பெயர் ‘டெலிகாஸ்டர்’. அதன் கழுத்துப் பகுதி பசை போட்டு ஒட்டியதில்லை. நாலு ஸ்க்ரூ போட்டு முடுக்கியது. கழுத்து வளைந்துவிட்டதா? கழற்று, வேறு மாட்டு! பாரம்பரியமாக வாத்தியம் செய்தவர்களுக்கு இது சகிக்கவே இல்லை. ரிப்பேர்காரருக்கோ இதுதான் நியாயமாகப் பட்டது.

பேஸ் கிடார் பிறந்தது

அந்தக் காலத்தில் இசைக்குழுவில் பேஸ் என்றால் டபுள் பேஸ்தான். ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும் பெரிய மர வாத்தியம். காரில் ஏற்றினால் வேறு யாரும் ஏற முடியாது. கிடார்க்காரர் ஆம்ப்ளிஃபயரைத் திருகிவிட்டால் பாவம், பேஸ்காரரின் சத்தம் பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காது. அதில் ஃப்ரெட் கிடையாது என்பதால் விரல் இம்மி பிசகினாலும் சுருதி விலகும்.

இந்த மூன்று தொல்லைக்கும் 1951-இல் லியோ ஒரே விடை கொடுத்தார். அதுதான் ‘பிரிசிஷன் பேஸ்’. கிடார் மாதிரித் தோளில் மாட்டிக்கொள்ளலாம். தந்தியின் அதிரும் நீளம் 34 அங்குலம். ஃப்ரெட் இருப்பதால் சுருதி துல்லியமாக நிற்கும், ‘பிரிசிஷன்’ என்ற பெயரே அதனால்தான். தந்தியின் அதிர்வைப் பிக்கப் மின்சாரமாக மாற்றிவிடும். அந்தத் தாழ்ந்த ஒலியைத் தாங்கிக் கொடுக்க ‘பாஸ்மேன்’ என்று 15 அங்குல ஸ்பீக்கர் போட்ட ஆம்ப்ளிஃபயரையும் 1952-இல் கொண்டுவந்தார்.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். எலெக்ட்ரிக் பேஸை முதன்முதலில் நினைத்தவர் லியோ இல்லை. 1930-களிலேயே சியாட்டில் நகரத்தில் பால் டட்மார்க் என்பவர் ‘ஆடியோவாக்ஸ்’ என்ற பெயரில் ஃப்ரெட் வைத்த எலெக்ட்ரிக் பேஸைச் செய்து விற்றிருக்கிறார். ஆனால் அது பரவவில்லை. தொழிற்சாலையில் வரிசையாகச் செய்து, கெட்டால் சரிபார்க்கும்படி அமைத்து, ஊரெல்லாம் கொண்டுபோய்ச் சேர்த்தது லியோவின் பேஸ்தான்.

இரண்டு குமிழ், மூன்று குமிழ்

நம்ம டிபார்ட்மென்ட் விஷயத்துக்கு இப்போதுதான் வருகிறேன். பிரிசிஷன் பேஸில் இருப்பது இரண்டே குமிழ். ஒன்று வால்யூம், இன்னொன்று டோன். உள்ளே ஒரு பிக்கப், 250 கிலோ ஓம் பொட்டென்ஷியோமீட்டர் இரண்டு (லேபில் நாம சுருக்கமாக ‘பாட்’ என்போமே, அதுதான்), ஒரு கெப்பாசிட்டர், ஒரு ஜாக். அவ்வளவே! முதல் வருட மாணவன்கூடப் படம் வரைந்துவிடலாம்.

வால்யூம் என்பது வோல்டேஜ் டிவைடர். டோன் என்பது பாட்டும் கெப்பாசிட்டரும் தொடராக எர்த்துக்குப் போகும் ஒரு வழி. இப்போது வழக்கமாகப் போடும் 0.047 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டரையே எடுத்துக்கொள்வோம். 100 ஹெர்ட்ஸில் அதன் ரியாக்டன்ஸ் சுமார் 34 கிலோ ஓம். 1,000 ஹெர்ட்ஸில் சுமார் 3.4 கிலோ ஓம். 5,000 ஹெர்ட்ஸில் 680 ஓம்கூட இல்லை. டோன் குமிழை முழுசாகக் குறைத்தால் பாட்டின் தடை போய்விடும், கெப்பாசிட்டர் மட்டும் நிற்கும். உயர்ந்த அதிர்வெண்கள் சுலபமாக எர்த்துக்கு ஓடிவிடும், தாழ்ந்தவை ஆம்ப்ளிஃபயருக்குப் போகும். பேஸின் நாலு தந்தியில் கனமான தந்தி சும்மா மீட்டினால் சுமார் 41 ஹெர்ட்ஸ். அதற்கு இந்த வழி 80 கிலோ ஓமுக்கு மேல் தடையாக நிற்கிறது, அதனால் அடிநாதம் போகாது. குமிழை முழுசாகக் கூட்டினால் 250 கிலோ ஓம் குறுக்கே நிற்பதால் பிரகாசமான ஒலியும் அப்படியே வெளியே வரும். செகண்ட் இயரில் நாம மனப்பாடம் பண்ணின ஆர்.சி. சர்க்யூட்தான் இது!

1957-இல் இதே பேஸின் பிக்கப்பை லியோ இரண்டு துண்டாகப் பிரித்தார். இரண்டு தந்திக்கு ஒரு காயில், மற்ற இரண்டுக்கு இன்னொரு காயில். இரண்டிலும் சுற்றின திசையும் காந்தத்தின் துருவமும் நேர்மாறு. வெளியிலிருந்து வரும் மின்சார ‘ஹம்’ இரண்டு காயிலிலும் எதிரெதிராக வந்து ஒன்றையொன்று அடித்துவிடும். தந்தியின் சத்தம் மட்டும் தங்கும்.

1960-இல் ‘ஜாஸ் பேஸ்’ வந்தது. இதில் இரண்டு பிக்கப். முதலில் ஒவ்வொரு பிக்கப்புக்கும் வால்யூமும் டோனும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கின இரட்டைக் குமிழ் வைத்தார். 1962 வாக்கில் அதை எளிமையாக்கி மூன்று தனிக் குமிழ் ஆக்கினார். இரண்டு பிக்கப்புக்கும் தனித்தனி வால்யூம், எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே டோன். மூன்று குமிழும் ஜாக்கும் ஒரே உலோகத் தகட்டில் இருக்கும். தகட்டின் ஸ்க்ரூவைக் கழற்றினால் மொத்த சர்க்யூட்டும் கையோடு வெளியே வந்துவிடும். மரத்துக்குள் கைவிட்டுத் துழாவ வேண்டியதில்லை. ரிப்பேர்காரன் கஷ்டம் தெரிந்த ஆள்தான் இப்படி வைப்பான்!

எங்கள் லேப் மேசையில்

இதையெல்லாம் புத்தகம் படித்து மட்டும் நான் சொல்லவில்லை. எங்கள் கல்லூரி இன்னிசைக் குழுவில் பேஸ் வாசிக்கும் சீனியர் அண்ணன் ஒருவர் தன் கிடாரை என்னிடம் கொண்டுவந்தார். ஃபெண்டர் கம்பெனிச் சரக்கு இல்லை. ஜாஸ் பேஸ் மாதிரியே செய்த பழைய கிடார். குமிழைத் திருப்பினால் கரகரவென்று சத்தம். அதோடு இன்னொரு வினோதம்: இரண்டு வால்யூமில் ஏதாவது ஒன்றைப் பூஜ்யத்துக்குக் கொண்டுபோனால் இரண்டு பிக்கப்பும் சேர்ந்து ஊமையாகிவிடும். அண்ணன் அதை வாங்கின நாளிலிருந்தே அப்படித்தானாம். ரெண்டு வால்யூமும் எப்பவும் ஃபுல்லில்தான் இருக்கணும்போல என்று நினைத்து, அப்படியே வாசித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

தகட்டைக் கழற்றிப் பார்த்தேன். பாட்டின் கார்பன் தடம் தேய்ந்திருந்தது, கரகரப்புக்கு அது காரணம். ஊமையானதற்குக் காரணம் வயரிங். முன்பு யாரோ மாற்றியபோது, பிக்கப் ஒயரை ஓரக் காலிலும் வெளியே போகும் ஒயரை நடுக்காலிலும் வைத்திருக்கிறார்கள். ஒற்றை வால்யூம் இருக்கும் ரேடியோவில் அதுதான் சரி. ஆனால் இங்கே இரண்டு வால்யூமின் நடுக்காலும் ஒன்றாகச் சேர்கிறது. ஒன்றைப் பூஜ்யத்தில் வைத்தால் அந்த நடுக்கால் நேராக எர்த்தில் உட்கார்ந்துவிடும், அதோடு சேர்ந்த மற்றதையும் இழுத்துக்கொண்டு போய்விடும்.

லியோவின் ஜாஸ் பேஸில் இது தலைகீழ். பிக்கப் ஒயர் நடுக்காலுக்கு வரும், வெளியே போகும் ஒயர் ஓரக் காலிலிருந்து போகும், மறு ஓரக் கால் எர்த். இப்போது ஒரு வால்யூமைப் பூஜ்யமாக்கினால் அந்த ஒரு பிக்கப் மட்டும்தான் எர்த் ஆகும். வெளிவழிக்கும் எர்த்துக்கும் நடுவில் 250 கிலோ ஓம் முழுசாக நிற்பதால் மற்ற பிக்கப் பாட்டுக்குப் பாடிக்கொண்டிருக்கும். இரண்டே ஒயரை இடம் மாற்றுவதில் இருக்கிற சூட்சுமம் பாருங்கள்! அடக்கமாக, யார் கண்ணுக்கும் தெரியாமல் தகட்டுக்கு அடியில் கிடக்கிறது ஒரு நல்ல டிசைன்.

ரிச்சி தெருவில் இரண்டு மூன்று கடை ஏறி இறங்கி 250 கிலோ ஓம் பாட் மூன்று வாங்கினேன். இந்த வேலையைச் செய்யப்போகும் ஜூனியர் தம்பி, தங்கைகளுக்குச் சில குறிப்புகள். பாட் லாக் டைப்பாக இருக்கட்டும். நம்ம காது சத்தத்தை லாக் கணக்கில்தான் உணர்கிறது. லீனியர் போட்டால் குமிழின் கடைசி ஓரத்தில்தான் வித்தியாசம் தெரியும். இங்கே கிடைக்கும் பாட்டுகளில் பெரும்பாலும் ‘ஏ’ எழுத்து லாக், ‘பி’ எழுத்து லீனியர். சந்தேகம் என்றால் குமிழைப் பாதியில் வைத்து மல்டிமீட்டரில் அளந்து பாருங்கள். இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாகக் காட்டினால் அது லீனியர். கழற்றும் முன் பழைய வயரிங்கைத் தாளில் வரைந்துகொள்ளுங்கள். எர்த் ஒயரைப் பாட்டின் முதுகில் வைக்கும்போது முதுகை அரம் போட்டுச் சுரண்டிவிட்டு, 40 வாட் அயர்னால் சட்டென்று வைத்து எடுத்துவிடுங்கள். சின்ன அயர்னை வைத்து நெடுநேரம் சூடுபண்ணினால் உள்ளே இருக்கிற கார்பன் தடம் கெடும். தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜின் அடியிலிருந்து ஒரு ஒயர் வரும், அதையும் மறக்காமல் எர்த்தில் சேர்க்க வேண்டும். அது விட்டுப்போனால் தந்தியில் கை வைத்தாலும் ‘ஹம்’ அடங்காது.

வேலை முடிந்து ஆம்ப்ளிஃபயரில் சொருகி, ஒரு வால்யூமை மட்டும் பூஜ்யமாக்கினோம். மற்ற பிக்கப் கணீரென்று பாடியது. பின் பிக்கப் தனியாகப் பேசும்போது ஒரு மூக்குச் சத்தம், முன் பிக்கப் தனியாகப் பேசும்போது உருண்டு திரண்ட ஒரு சத்தம். ஒரே கிடாரில் மூன்று கிடார் இருந்தது அண்ணனுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது! ஜாகோ பாஸ்டோரியஸ் என்ற மேதை, 1962-ஆம் வருட ஜாஸ் பேஸில் அந்தப் பின் பிக்கப்பை முன்னிறுத்தித்தான் 1970-களில் உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்தார்.

பெயரை விற்றவர்

மறுபடி லியோவிடம் வருவோம். கம்பெனி வளர்ந்தது, உடம்பு தேயத் தொடங்கியது. 1955-இல் வந்த சைனஸ் தொற்று வருடக்கணக்கில் அவரை விடவில்லை. தனக்கு ஆயுள் அதிகம் இல்லை என்றே அவர் நம்பிவிட்டார். 1965 ஜனவரியில் கம்பெனியை சி.பி.எஸ். என்ற பெரிய நிறுவனத்துக்கு 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு விற்றார். 600 டாலர் கடனில் தொடங்கிய கடை!

விற்ற பிறகு நடந்ததுதான் விதியின் விளையாட்டு. புதிதாகப் பார்த்த ஒரு டாக்டரின் வைத்தியத்தில் அந்த நோய் குணமாகிவிட்டது. மனிதர் கல்லுக்குண்டு மாதிரி எழுந்து உட்கார்ந்தார். ஆனால் கம்பெனி கையில் இல்லை. அதைவிடக் கொடுமை, அவருடைய சொந்தப் பெயரும் கையில் இல்லை. ‘ஃபெண்டர்’ என்ற வார்த்தை அவர் அப்பா கொடுத்த குடும்பப் பெயர். ஆனால் இனி அவர் செய்யும் கிடாரில் அதை அவரே பொறிக்க முடியாது. போட்டியாகத் தொழில் செய்யக்கூடாது என்று ஒப்பந்தம் வேறு பல வருடம் கையைக் கட்டியது. புதிய முதலாளிகளின் காலத்தில் வந்த கிடார்களில் பழைய தரம் இல்லை என்று வாசிப்பவர்கள் குறைப்பட்டுக்கொண்டார்கள். அந்தக் குறையும் அவர் பெயரைச் சொல்லித்தான் வந்தது.

நாமாக இருந்தால் என்ன செய்வோம்? கோடிக்கணக்கில் பணம் இருக்கிறது. வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. கடலோரத்தில் வீடு கட்டிக்கொண்டு காற்று வாங்கலாம். லியோ மறுபடி மேசையில் போய் உட்கார்ந்தார்.

பாட்டரி போட்ட பேஸ்

பழைய ஃபெண்டர் ஆட்களான ஃபாரஸ்ட் வைட், டாம் வாக்கர் இருவரும் தொடங்கிய ‘மியூசிக் மேன்’ கம்பெனிக்கு 1975-இல் லியோ தலைவரானார். 1976-இல் ‘ஸ்டிங்ரே’ பேஸ் வெளிவந்தது. அதன் உள்ளே ஒரு 9 வோல்ட் பாட்டரியும் சின்ன ப்ரீ ஆம்ப்ளிஃபயரும் இருந்தன.

இதனால் என்ன லாபம் என்கிறீர்களா? பழைய வயரிங்கில் பாட்டும் கெப்பாசிட்டரும் இருப்பதைக் குறைக்கத்தான் முடியும், இல்லாததைக் கூட்ட முடியாது. ப்ரீ ஆம்ப் வைத்தால் பேஸ், ட்ரெபிள் இரண்டையும் தனித்தனியாகக் கூட்டலாம். இன்னொரு லாபமும் உண்டு. சாதாரணப் பிக்கப்பின் இம்பிடன்ஸ் அதிகம். நீளமான கேபிளைப் போட்டால் கேபிளின் கெப்பாசிட்டன்ஸே உயர்ந்த ஒலிகளைத் தின்றுவிடும். ப்ரீ ஆம்பின் அவுட்புட் இம்பிடன்ஸ் குறைவு என்பதால் எவ்வளவு பெரிய மேடையானாலும் கேபிள் அவ்வளவாகத் திருட முடியாது. பாட்டரி வீணாகாமல் இருக்கவும் ஆக்டிவ் பேஸ்களில் ஒரு வழி உண்டு. ஸ்டீரியோ ஜாக் வைத்து, சாதாரண பிளக்கைச் சொருகும்போது மட்டும் பாட்டரியின் மைனஸ் எர்த்தோடு சேரும்படி செய்திருப்பார்கள். பிளக்கைப் பிடுங்கினால் பாட்டரி ஆஃப். தனி ஸ்விட்ச் எதற்கு?

எந்தப் பெயரால் உலகம் அவரை அறிந்ததோ அந்தப் பெயர் இல்லாமல், 67 வயதில் வந்து நின்ற பேஸ் இது. அதை வாசித்தவர்கள் கையில் வாங்கின உடனே, யார் செய்தது என்று கண்டுகொண்டார்கள்.

1979-இல் மனைவி எஸ்தர் இறந்தார். மியூசிக் மேனிலும் கருத்து வேறுபாடு வந்தது. பழைய தோழர் ஜார்ஜ் ஃபுல்லர்டனோடு சேர்ந்து ‘ஜி அண்டு எல்’ என்ற கம்பெனியைத் தொடங்கினார். ஜி என்றால் ஜார்ஜ், எல் என்றால் லியோ. 1980-இல் வந்த அதன் ‘எல்-2000’ பேஸில் பாட்டரியோடும் வாசிக்கலாம், பாட்டரி இல்லாமலும் வாசிக்கலாம், ஒரு ஸ்விட்ச் தட்டினால் போதும். தான் 1951-இல் செய்ததையும் 1976-இல் செய்ததையும் ஒரே மரத்துக்குள் வைத்துவிட்டார்!

கடைசிக் காலத்தில் பார்க்கின்சன் நோய் வந்து கை நடுங்கியது. அப்படியும் பட்டறைக்குப் போவதை நிறுத்தவில்லை. 1991 மார்ச் 21-ஆம் தேதி, 81-ஆம் வயதில், ஃபுல்லர்டனிலேயே காலமானார். மறு வருடம் ‘ராக் அண்டு ரோல் ஹால் ஆஃப் ஃபேம்’ அவர் பெயரைச் சேர்த்துக்கொண்டது. ஒரு பாட்டுக்கூட வாசிக்காத மனிதருக்குப் பாடகர்கள் வரிசையில் இடம்!

நமக்கு என்ன?

நண்பர்களே, டிப்ளமோ படிக்கிறோம் என்று சொல்லும்போது நம்மில் பலருக்குக் குரல் கொஞ்சம் இறங்கிவிடுகிறது. கல்யாண வீட்டில் யாராவது கேட்டால், அடுத்து லேட்டரல் என்ட்ரியில் பி.இ. சேரப்போகிறேன் என்று அவசர அவசரமாகச் சேர்த்துச் சொல்கிறோம். ரிப்பேர் வேலை என்றால் இன்னும் இளப்பம். படித்த பையன் ஸ்க்ரூ டிரைவர் பிடிப்பதா என்கிறார்கள். மேலே படியுங்கள், வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் குரலை இறக்க வேண்டாம்.

லியோவிடம் ஞானம் எங்கிருந்து வந்தது? வாசிக்கத் தெரியாததால் வாசிப்பவர்களைக் கேட்டார். செய்த மாதிரியை அவர்கள் கையில் கொடுத்து, என்ன கெட்டது, எது உறுத்தியது என்று விசாரித்தார், மறுபடி மாற்றினார். தெரியாததைத் தெரியாது என்று வைத்துக்கொண்டு, தெரிந்தவரிடம் காது கொடுத்தார். அதோடு, தான் செய்வது ஒருநாள் கெட்டுப்போகும், அன்றைக்கு எங்கோ ஒரு ஊரில் முகம் தெரியாத ஒருவன் அதைத் திறப்பான் என்பதை நினைவில் வைத்தே ஒவ்வொரு ஸ்க்ரூவையும் வைத்தார். ஒட்டி மூடின பெட்டிகளாக, திறக்கவே கூடாது என்று செய்யப்பட்ட சாமான்கள் நிறைந்த இந்தக் காலத்தில் அந்தக் குணம் எவ்வளவு பெரியது! அவர் நினைவில் வைத்த அந்த முகம் தெரியாத ஆள் வேறு யாரும் இல்லை, நாமதான்.

அவர் விற்றது கம்பெனியை, பெயரை, பேடண்டை. ரேடியோ கடை மேசையில் கற்ற கைவேலையை மட்டும் எந்த ஒப்பந்தத்திலும் எழுதி வாங்க முடியவில்லை. அது அவரோடு மேசைக்கு மேசை வந்தது. நமக்கும் இந்த மூன்று வருடம் முடிந்து சான்றிதழ் ஒன்று கிடைக்கும். அது எந்த வேலையை வாங்கித்தரும் என்பது காலத்தின் கையில். லேபில் நம்ம கை கற்றுக்கொண்டது நம்ம கையில். அடுத்த முறை யாராவது கெட்டுப்போன ஒரு சாமானைக் கொண்டுவந்தால், தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்கச் சொல்லாதீர்கள். ஸ்க்ரூவைக் கழற்றுங்கள். உள்ளே ஒரு வாத்தியார் காத்துக்கொண்டிருப்பார்.

— மூன்றாம் ஆண்டு மாணவன்,
மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை